சின்னக் காருக்கு எந்த எயார் பில்டர்?



எங்கள் அல்ட்டோவின் எஞ்சினைப் பிரித்து ரிங் மாற்றிய கதை ஊரில் பலருக்குத் தெரியும். அதற்குப் பிறகு பெற்றோல் செட்டில், பாடசாலை வாசலில், கல்யாண வீட்டில் என்று எங்கே போனாலும் ஒரே கேள்விதான். "சேர், இப்ப என்ன பில்டர் போட்டிருக்கிறீங்க? அந்தக் கழுவிப் போடுற பில்டர் நல்லமா? பெற்றோல் மிச்சமாமே?" ஒவ்வொருவருக்கும் நின்ற நிலையில் அரைகுறையாகச் சொல்வதை விட ஒரேயடியாக எழுதிவிடுவோம் என்று வீட்டில் முடிவெடுத்தோம். நாங்கள் இரண்டு பேரும் ஆசிரியர்கள். எஞ்சின் வேலை தெரிந்தவர்கள் அல்ல. ஆனால் காசு போகப் போகிறது என்றால் படித்துப் பார்த்து, அளந்து பார்த்துத்தான் கொடுப்போம். ஒருவர் கல்வியியற் கல்லூரியில் விஞ்ஞானம் படித்தவர் என்பதால் அந்தப் பழக்கம் கொஞ்சம் கூடுதல். பதிவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரை வாங்கியது 2022 கடைசியில். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் பழைய கார்களுக்கு வந்த விலை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் போகும்போது ஒரு பாஸைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தார், சைலன்சர் குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார், பொனட்டைத் திறந்தார். உள்ளே கம்பெனி எயார் பில்டர் பெட்டி இல்லை. அந்த இடத்தில் சிவப்பு நிறக் கூம்பு ஒன்று, இரும்பு வளையத்தால் இறுக்கப்பட்டு, எஞ்சினுக்குப் பக்கத்தில் திறந்தபடி நின்றது. "சேர், இது ஒயில் குடிக்கிற வண்டி. ரிங் வேலை வரும். அந்தக் காசக் குறைச்சிக் கேளுங்க" என்றார். குறைத்துக் கேட்டுத்தான் வாங்கினோம். ஒன்றரை வருடம் ஓடியது. பிறகு அவர் சொன்னது போலவே வந்தது.

எஞ்சினைப் பிரித்த அன்று கராஜுக்குப் போய்ப் பார்த்தோம். சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக மெல்லிய கீறல்கள். துரொட்டில் வாயின் உள்பக்கத்தில், அதாவது பில்டர் தாண்டிய பிறகு சுத்தமாக இருக்கவேண்டிய பக்கத்தில், ஒயிலோடு குழைந்த மண்ணிறப் பூச்சு. பாஸ் அதை விரலில் எடுத்து எங்கள் உள்ளங்கையில் தேய்த்துவிட்டார். நறநறவென்றது. "எஞ்சின் தூசி தின்டிருக்கு" என்றார். அந்த வேலைக்குப் போன காசு எங்களில் ஒருவரின் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல். லீசிங் வேறு முடியவில்லை. பாதிக் காசைத் தந்தது வீட்டுத் தம்பி. கட்டாரில் டயர்க் கடையில் நான்கு வருடம் நின்று சேர்த்த காசு அது. அவன் சனி, ஞாயிறில் காரை எடுத்து ஹயர் ஓடுகிறான். மாதம் ஒரு தடவை உம்மாவை மட்டக்களப்பு கிளினிக்குக் கொண்டு போய் வருவதும் அவன்தான். ஆகவே காரில் அவனுக்கும் பேச்சு இருக்கிறது. அவனுடைய பேச்சு என்னவென்றால், எஞ்சின் இப்போது புதிசு மாதிரி, அந்தக் கூம்பையே கழுவித் துடைத்துத் திரும்பப் போடுவோம் என்பது.

இந்த இடத்தில்தான் நாங்கள் உட்கார்ந்து கணக்குப் பார்க்கத் தொடங்கினோம்.

ஒரு லீற்றர் பெற்றோல் ஒழுங்காக எரிய, நிறையில் அதைப் போல 14.7 மடங்கு காற்று வேண்டும். பெற்றோல் லீற்றர் முக்கால் கிலோ அளவு. அப்படியானால் காற்று சுமார் 11 கிலோ. கனவளவில் பார்த்தால் 9000 லீற்றருக்கும் மேல். எங்களுக்கு ஒரு நாளைக்குப் போய்வர மூன்று லீற்றர் போகும். அதாவது வீட்டுக் கூரையில் வைக்கும் 1000 லீற்றர் தண்ணீர்த் தாங்கியில் 27 தாங்கி நிறையக் காற்றை இந்தச் சின்ன எஞ்சின் ஒவ்வொரு நாளும் இழுக்கிறது. அந்தக் காற்று எந்த ரோட்டுக் காற்று என்பதுதான் கேள்வி.

எங்கள் பாடசாலைகளில் ஒன்று இறக்காமம் பக்கம். அந்த வழியில் வருபவர்களுக்குத் தெரியும், தார் முடிந்து கிரவல் தொடங்கும் இடத்தில் முன்னால் ஒரு டிப்பர் போனால் கண்ணாடியில் வைப்பர் போடவேண்டி வரும். பெரும்போக வெட்டு நடக்கும் பெப்ரவரி, மார்ச்சில் வெட்டு மெஷின்கள் இரண்டு பக்கமும் நிற்கும். நெல்லுச் சுனை காற்றில் பறக்கும். போதாததற்கு ரோட்டில் பாதியில் நெல் காயும், அதைத் துழாவும்போது எழும் தூசிக்குள்ளால்தான் கார் போகவேண்டும். சிறுபோக வெட்டு நேரம் கச்சான் காற்றும் சேர்ந்துவிடும். கொழும்பில் கார்பெட் ரோட்டில் ஓடுபவர் சொல்லும் அனுபவம் எங்கள் ஊருக்கு அப்படியே பொருந்தாது.

மண் தூசியில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது மணல். எஞ்சினின் வார்ப்பிரும்பை விட அது கடினமானது. தலைமுடியின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். எஞ்சினுக்குள் அதிகம் உரஞ்சுவது அதை விட எவ்வளவோ சின்னத் துணிக்கைகள், பத்து இருபது மைக்ரோன் அளவில் உள்ளவை. ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கும் ஒயில் படலத்துக்குள் புகுந்து இரண்டு பக்கத்தையும் தேய்ப்பவை அவைதான். கண்ணுக்குத் தெரியும் குப்பையை எந்தப் பில்டரும் பிடிக்கும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாததில்தான் இருக்கிறது.

வயல் செய்பவர்களுக்கு இதை நாங்கள் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பழைய மெஸ்ஸி பேர்குசன் 135 ட்ரக்டரில் ஒயில் கிண்ணம் வைத்த எயார் கிளீனர் இருக்கிறதல்லவா? உழவு முடிந்து அந்தக் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் சேறு கெட்டியாகக் கிடக்கும். அந்தச் சேறு முழுவதும் எஞ்சினுக்குள் போயிருக்கவேண்டியது. இந்த வட்டாரத்தில் ஒரு போடியாராவது ட்ரக்டருக்குச் சிவப்புக் கூம்பு பூட்டி நாங்கள் காணவில்லை. தம்பியிடம் இதைச் சொன்னோம். "ட்ரக்டரும் காரும் ஒண்டா மச்சான்?" என்றான். ஒன்றில்லைதான். ஆனால் தூசி ஒன்றுதான்.

இப்போது கடையில் கிடைப்பவற்றுக்கு வருவோம்.

முதலாவது, கம்பெனி பெட்டிக்குள் போடும் மடிப்புக் காகிதப் பில்டர். கழுவ முடியாது, அழுக்கானால் மாற்றவேண்டும். இதில் பலருக்குத் தெரியாத ஒரு விடயம், புதிதாகப் போட்ட நாளை விடக் கொஞ்சம் ஓடிய பிறகுதான் இது தூசியை நன்றாகப் பிடிக்கும். மேலே படியும் மெல்லிய தூசிப் படையே இன்னொரு வடியாக வேலை செய்கிறது. அதனால் கிழமைக்கொரு தடவை கழற்றித் தரையில் தட்டுவது நல்ல பழக்கமல்ல. கழற்றும் ஒவ்வொரு தடவையும் சுத்தமான பக்கத்தில் கொஞ்சம் மண் விழுகிறது. சேவிஸ் ஸ்டேஷனில் காற்றுக் குழாயைக் கிட்டப் பிடித்து முழு அழுத்தத்தில் அடிப்பதும் பிழை. காகிதம் கிழியும், கிழிந்தது கண்ணுக்குத் தெரியாது. அடிக்கத்தான் வேண்டுமென்றால் தூரத்தில் பிடித்து, மெல்லிய அழுத்தத்தில், சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கத்துக்கு அடிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, அதே பெட்டிக்குள் அதே அளவில் உட்காரும், ஒயில் தடவிய பருத்தித் துணிப் பில்டர். கே அண்ட் என் இதில் பெயர் போனது. அதைப் போல வேறு பல பெயர்களிலும் வருகிறது. கழுவி, காயவைத்து, அதற்குரிய ஒயிலைத் தடவித் திரும்பப் போடலாம். எங்கள் காருக்குக் கேட்டபோது சொன்ன விலை காகிதப் பில்டரைப் போல பத்து மடங்குக்கும் மேல். அதோடு கழுவும் மருந்தும் ஒயிலும் வேறாக வாங்கவேண்டும். எஞ்சின் ஒயிலைத் தடவிச் சமாளிக்கலாம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். நம்பாதீர்கள். ஒயில் குறைந்தால் தூசி பிடிபடாது, கூடினால் ஒயிலே உள்ளே இழுபடும். காற்றின் அளவை அளக்கும் சூட்டுக் கம்பிச் சென்சர் உள்ள கார்களில் அந்த ஒயில் கம்பியில் படிந்து அளவைக் கெடுத்துவிடும். உங்கள் காரில் அந்தச் சென்சர் இருக்கிறதா, அல்லது அழுத்தத்தை அளக்கும் வகையா என்று பாஸிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கழுவிய பில்டரை வெயிலில் போட்டோ, தலைமுடி உலர்த்தும் மெஷினால் சூடாக்கியோ அவசரமாகக் காயவைக்கக் கூடாது. நிழலில் தானாகக் காயவேண்டும். காலை ஏழு மணிக்குப் பாடசாலைக்கு இறங்கவேண்டிய வீட்டில், அது காயும் வரை கார் நிற்கவேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

மூன்றாவது கூம்பு. நான்காவது, கூம்போடு நீளக் குழாயும் சேர்த்து பம்பருக்குப் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கும் செட். இளைஞர்களுக்கு இந்த இரண்டிலும்தான் கண்.

கூம்பின் பக்கம் நியாயமாகவும் சொல்லவேண்டும். அது காற்றைத் தாராளமாக விடும். பொய்யில்லை. அக்சலேட்டரை மிதித்தால் ஒரு சத்தம் வரும், கேட்க நன்றாகத்தான் இருக்கும். கம்பெனிப் பெட்டி அந்தச் சத்தத்தை அடக்குவதற்காகவும் செய்யப்பட்டது, பெட்டி போனதும் சத்தம் வெளியே வருகிறது. சத்தம் கூடினால் வேகம் கூடியது போல மனதுக்குப் படும். ஆனால் எங்கள் எஞ்சின் 796 சீசீ, மூன்று சிலிண்டர், 6000 சுற்றில் 48 குதிரைவலு. கம்பெனிப் பில்டரும் பெட்டியும் இந்த எஞ்சின் முழுதாய் இழுக்கும் காற்றுக்கென்றே அளந்து செய்யப்பட்டவை. தாராளமாக விட்டு ஐந்து வீதம் கூடும் என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டரைக் குதிரைவலுவைத் தாண்டாது. அதுவும் முழு மிதி மிதித்தால் மட்டும். நாங்கள் ஓடும் ஐம்பது அறுபது கிலோமீற்றர் வேகத்தில் துரொட்டில் பாதிக்கு மேல் மூடித்தான் இருக்கிறது. வாசற் கதவைப் பாதி சாத்தி வைத்துக்கொண்டு கேற்றைப் பெரிதாக்கி என்ன பயன்?

இன்னொன்று சூடு. பொனட்டுக்குள் திறந்து நிற்கும் கூம்பு எஞ்சின் சூட்டுக் காற்றைத்தான் இழுக்கும். சூடான காற்று ஐதானது, ஒரே கனவளவில் ஒட்சிசன் குறைவு. இதைத் தம்பிக்குச் சொன்னால் "எவ்வளவு குறையும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. வயர் நீளமான டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை வாங்கி, முனையைக் கூம்புக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டு கல்முனை பஸாருக்குள் சந்தை நாளில் ஊர்ந்தோம். 58 பாகை காட்டியது. அடுத்த நாள் அதே நேரம், கம்பெனிக் குழாய் காற்றெடுக்கும் முன்பக்க இடத்தில் கட்டிப் பார்த்தோம். 36. இதைக் கெல்வினுக்கு மாற்றிப் பிரித்தால், கூம்புக்குக் கிடைக்கும் காற்றில் ஆறு ஏழு வீதம் நிறை குறைவு. தாராளமாக விட்டுக் கிடைத்ததாகச் சொல்லும் ஐந்து வீதம் அங்கேயே போய்விட்டது. வெளியூர் ரோட்டில் ஓடும்போது காற்று அடித்து இந்த வித்தியாசம் நன்றாகக் குறைந்தது, 41க்கும் 35க்கும் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறோம். தம்பி அந்த இரண்டாவது கணக்கைத்தான் ஞாபகம் வைத்துக்கொண்டான்.

அப்படியானால் பம்பருக்குக் கீழே குழாயை இறக்கிக் குளிர்ந்த காற்றை எடுப்போமே என்றால், நாங்கள் இருப்பது எந்த ஊரில்? கார்த்திகை, மார்கழியில் எங்கள் ரோடுகளில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பம்பர் மட்டத்தில் காற்றெடுக்கும் குழாய் ஒரு தடவை தண்ணீரை உறிஞ்சினால் பிஸ்டன் மேலே வரும்போது கொனெக்டிங் றொட் வளைந்துவிடும். அதற்குப் பிறகு ரிங் வேலை இல்லை, எஞ்சின் வேலை. கம்பெனிக்காரன் காற்று வாயை மேலே வைத்திருப்பது காரணத்தோடுதான்.

பெற்றோல் மிச்சம் என்ற கதை. கேட்கும் எல்லோருக்கும் முதல் கேள்வி இதுதான், ஏனென்றால் 2022 இல் வரிசையில் படுத்துக் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் 2009 இல் இதைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. பில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டிப் பார்த்தார்கள். கணினி கட்டுப்படுத்தும் இன்ஜெக்ஷன் கார்களில் பில்டர் அடைத்தாலும் எரிபொருள் செலவில் சொல்லத்தக்க மாற்றமில்லை. வேகமெடுப்பதுதான் மந்தமானது. காரணம் எளிது. ஒட்சிசன் சென்சர் பார்த்துக்கொண்டிருக்கிறது, காற்றுக் குறைந்தால் கணினி பெற்றோலையும் குறைக்கிறது. பழைய காபரேட்டர் காரில் மட்டும் இரண்டு முதல் ஆறு வீதம் வரை வித்தியாசம் வந்தது. முழுதாய் அடைத்த பில்டரே இன்ஜெக்ஷன் காரின் பெற்றோலைக் கூட்டவில்லை என்றால், நல்ல காகிதப் பில்டரைக் கழற்றிவிட்டு விலை கூடியதைப் போடுவதால் எங்கே மிச்சம் வரப்போகிறது? ஊரில் இன்னும் காபரேட்டர் மாருதி 800 வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் பில்டரை நேரத்துக்கு மாற்றினால் உங்களுக்கு உண்மையிலேயே மிச்சம் வரும். வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் உதவும். பெற்றோல் வண்டிகளுக்கு அங்கே காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும் ஐட்லிங்கிலும் 2500 சுற்றிலும் அளக்கிறார்கள். காற்று அடைத்த காபரேட்டர் வண்டி முதலாவதில் மாட்டும், ஒயில் குடிக்கும் வண்டி இரண்டாவதில் மாட்டும். எங்கள் கார் ரிங் வேலைக்கு முந்திய வருடம் இரண்டாவதில்தான் நூலிழையில் தப்பியது.

சரி, கழுவும் துணிப் பில்டர் கூடாதா என்று கேட்டால், கூடாது என்று சொல்லமாட்டோம். நல்ல கம்பெனிப் பொருளாக இருந்து, ஒழுங்காகக் கழுவி, அளவாக ஒயில் தடவி, தார் ரோட்டில் ஓடுபவருக்குப் பரவாயில்லை. நாங்கள் ஏன் எடுக்கவில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். ஒரு பில்டர் 99 வீதத் தூசியைப் பிடிக்கிறது, இன்னொன்று 97 வீதம் என்று வையுங்கள். பரீட்சைப் புள்ளி மாதிரிப் பார்த்தால் இரண்டும் ஏ சித்திதான். ஆனால் எஞ்சினுக்குள் போவது பிடிபட்டதல்ல, தப்பியது. முதலாவதில் நூற்றுக்கு ஒன்று தப்புகிறது, இரண்டாவதில் மூன்று. அதாவது மூன்று மடங்கு தூசி. பில்டர்களை ஒரே முறையில் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்றொரு நியமம் இருக்கிறது. எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு தாங்குகிறது, காற்றை எவ்வளவு தடுக்கிறது என்ற மூன்றையும் அதில் அளப்பார்கள். விலை கூடிய பில்டர் விற்பவரிடம் அந்த அளவைக் கேளுங்கள். நாங்கள் மூன்று கடையில் கேட்டோம். ஒருவர் குதிரைவலுவைப் பற்றிச் சொன்னார், ஒருவர் பெட்டியின் படத்தைக் காட்டினார், ஒருவர் தேத்தண்ணி தந்தார்.

ஆகவே காகிதம். ஆனால் அதோடு தேடல் முடியவில்லை. எங்களுக்கு அதிகம் அலைச்சல் தந்தது அதற்குப் பிறகுதான்.

முதலில் கம்பெனிப் பெட்டி வேண்டும். பழைய சொந்தக்காரர் அதை வீசிவிட்டார். பஞ்சிகாவத்தையில் கழற்றிய பார்ட்ஸ் கடைகளில் தேடி ஒன்று எடுத்தோம். இப்படி வாங்கும்போது நான்கு பக்கக் கிளிப்பும் இறுக்கமாக நிற்கிறதா, ஓரம் வளைந்திருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். முதல் காட்டிய பெட்டியில் ஒரு கிளிப் இல்லை, "வயர் கட்டிச் சமாளிக்கலாம்" என்றார். மயிரளவு இடைவெளி இருந்தாலும் காற்று பில்டருக்குள்ளால் போகாமல் அதற்குள்ளால்தான் போகும், ஏனென்றால் அதுதான் இலேசான வழி. எஞ்சினிலிருந்து வரும் மூச்சுக் குழாய் பெட்டியில் பூட்டும் துளையையும் பாருங்கள். கூம்பு போட்டவர்கள் அந்தக் குழாயைத் தனியாக விட்டு, நுனியில் குட்டிப் பில்டர் ஒன்றை மாட்டிவிடுவார்கள். எங்கள் காரிலும் அப்படித்தான் இருந்தது. அதைத் திரும்பப் பெட்டியில் பூட்டவேண்டும்.

பிறகு பில்டர். கம்பெனிப் பெயர் போட்ட பெட்டியில் போலியும் வருகிறது. ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) "ஜெனுவின்" என்று தந்ததையும், வேறு இடத்தில் வாங்கியதையும் வீட்டு மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒன்றில் 58 மடிப்பு, மற்றதில் 41. மடிப்புக் குறைந்தால் காகிதத்தின் பரப்புக் குறைகிறது, சீக்கிரம் அடைக்கும். குறைந்ததில் மடிப்புகள் வரிசை பிசகி, சில இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஃபோன் டோர்ச்சைப் பின்னால் பிடித்துப் பார்த்தால் நல்லதில் வெளிச்சம் ஒரே சீராக மங்கித் தெரியும். மற்றதில் ஊசித் துளை போல இரண்டு இடத்தில் பளிச்சென்றது. ஓரத்து றப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நல்லது அமுங்கித் திரும்பி வரும், போலி ஒன்று கல்லாக இருக்கும் அல்லது அமுங்கியபடியே நிற்கும். அந்த 41 மடிப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். பில் இருந்ததால் காசு கிடைத்தது. பில் வாங்காமல் வராதீர்கள்.

கம்பெனிப் பெயர்தான் வேண்டுமென்றும் இல்லை. பில்டர் செய்வதையே தொழிலாக வைத்திருக்கும் பெயர் பெற்ற நிறுவனங்களின் காகிதப் பில்டர் அதை விட மலிவாகக் கிடைக்கும். மேலே சொன்ன சோதனைகளில் தேறினால் தாராளமாகப் போடலாம். ஏ.சி. பில்டர் வேறு, எயார் பில்டர் வேறு. சேவிஸ் பில்லில் "பில்டர்" என்று மட்டும் எழுதியிருந்தால் எதை மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

இத்தனைக்கும் தம்பி இறங்கி வரவில்லை. "ராத்தாவும் மச்சானும் காரைப் பாடமாக்கிப் போட்டீங்க" என்று ஒரு நாள் சாப்பாட்டை வைத்துவிட்டு எழும்பிப் போனான். அவனுடைய காசும் எஞ்சினுக்குள் இருக்கும்போது, மூத்தவர்கள் என்பதற்காக நாங்கள் முடிவைத் திணிக்க விரும்பவில்லை. கூம்பின் சத்தத்துக்காகவே ஹயருக்குக் கூப்பிடும் கூட்டாளிகள் அவனுக்கு இருந்தார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். இரண்டையும் தலா 500 கிலோமீற்றர் ஓட்டுவோம், துரொட்டில் வாயை ஒவ்வொரு தடவையும் சுத்தமாகத் துடைத்துவிட்டுத் தொடங்குவோம், முடிந்ததும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்போம். புது ரிங்கில் அந்த 500 கிலோமீற்றர் எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. பாஸிடம் கேட்டோம், "500இல் ஒன்டும் ஆகாது, மகன்ட மனசுக்கு ஓட்டட்டும்" என்றார். அது சிறுபோக வெட்டுக் காலம்.

கூம்போடு ஓடி முடித்த துணியைப் பார்த்துவிட்டு அவன் ஒன்றும் பேசவில்லை. மண்ணிறக் கோடு தெளிவாக இருந்தது, தேய்த்தால் நறநறத்தது. காகிதத்தோடு ஓடிய துணியில் மெல்லிய ஒயில் ஈரம் மட்டும். இரண்டு துணியையும் மடித்து டேஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்துக்கொண்டான். யாராவது ஹயரில் ஏறிக் கூம்பு எங்கே என்று கேட்டால் எடுத்துக் காட்டுகிறானாம். இது பெரிய ஆய்வொன்றுமல்ல. ஒரு கார், ஒரு ரோடு, ஒரு பருவம். எங்கள் கூம்பு எப்போது ஒயில் கண்டதென்று பழைய சொந்தக்காரருக்குத்தான் வெளிச்சம். தம்பி கழுவியபோது அதற்குரிய ஒயில் கிடைக்கவுமில்லை. புத்தம் புதிய நல்ல கம்பெனிக் கூம்பு இதை விடத் திறமாக நிற்கலாம். ஆனால் எங்கள் ஊரில் கண்ட கூம்புகளில் பெரும்பாலானவை எங்களுடையதைப் போன்றவைதான், கழுவும் மருந்தைக் கண்ணால் காணாதவை.

இப்போது நடப்பது இதுதான். புதுப் பில்டர் போடும்போது அதன் ஓரத்தில் போல்பொயின்ட் பேனையால் திகதியையும் கிலோமீற்றரையும் எழுதிவிடுகிறோம். யார் சேவிஸ் செய்தாலும் மாற்றினார்களா இல்லையா என்று தெரியும். கையேட்டில் போட்டிருக்கும் தூரம் நல்ல ரோட்டுக்குரியது. தூசி ரோட்டுக்கு முன்கூட்டியே மாற்று என்று அதே கையேட்டிலேயே இருக்கிறது. நாங்கள் அந்தத் தூரத்தில் பாதியில் மாற்றுகிறோம், பெரும்போக வெட்டு முடிந்த பிறகு ஒரு தடவை திறந்தும் பார்க்கிறோம். பூட்டும்போது றப்பர் ஓரம் முழுவதும் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று விரலால் சுற்றித் தடவிப் பார்த்த பிறகுதான் கிளிப்பை அடிக்கிறோம். மாதம் ஒரு தடவை ஒயில் குச்சி. இதுவரை அல்ஹம்துலில்லாஹ், மட்டம் இறங்கவில்லை. புகைப் பரிசோதனையில் ஐதரோகாபன் கணக்கு இந்த வருடம் கேள்விக்கே வரவில்லை.

கூம்பு இன்னும் அலுமாரிக்கு மேல் இருக்கிறது. விற்கப் போகிறேன் என்று தம்பி விலையும் போட்டுவிட்டான். வாங்க வருபவருக்கு அந்த இரண்டு துணியையும் காட்டிவிட்டுத்தான் விற்கவேண்டும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறோம். அதனால்தானோ என்னவோ, வந்த மூன்று பேரும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அல்ட்டோவுக்குக் கம்பெனிப் பெட்டி தேடுபவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பஞ்சிகாவத்தையில் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று தம்பிக்குத் தெரியும். அடுத்த கிழமை ஒரு ஹயருக்குக் கொழும்பு போகிறான், கேட்டால் எடுத்து வருவான். கிளிப் நான்கும் இருக்கிறதா என்று பார்த்தே எடுப்பான்.